தம்புசாமி கொடுக்காமல் விட்ட மடல்

ஒரு செய்தி ஒருவரைச் சேர்ந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? அச்சடித்ததும் சேர்ந்துவிட்டதா? வாசலில் வந்து விழுந்ததுமா? கையில் வாங்கியதுமா? வாசித்துப் புரிந்துகொண்ட பிறகா? அன்றாடம் கடிதமும் நாளிதழும் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஆற்றோரம் குடியிருந்த தம்புசாமியும் இதை ஒரு கேள்வியாக எண்ணியிருக்க மாட்டார். அவருக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. கையில் கொடுத்தால்தான் சேர்ந்தது என்பார். அவருடைய வாழ்க்கைதான் பிற்பாடு அதைக் கேள்வியாக்கியது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவர் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தார். ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வரும் கூடைகள், மூட்டைகள், தையல் இயந்திரங்கள், ஒருமுறை உயிருள்ள ஓர் ஆடு, எல்லாவற்றையும் உரியவர் வந்து ரசீதைக் காட்டி வாங்கும்வரை பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. உரியவரின் மைத்துனர் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

“ரசீதுல உங்க பேரு இல்லையே பாஸ். ஆடு உங்களத் தெரியும்னு சொன்னா ஓட்டிக்கிட்டுப் போங்க.”

இப்படிப் பேசுவதில் அவருக்கு ஒரு சுகம். ஒரு பொருள் தன் கையைத் தாண்டித்தான் இன்னொருவரிடம் போக வேண்டும் என்ற நிலை அவருக்குப் பிடித்திருந்தது. அதைப் பொறுப்பு என்றும் சொல்லலாம், தற்பெருமை என்றும் சொல்லலாம். இரண்டும் அவரிடம் இருந்தன. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வட்டாரத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கல்யாணப் பத்திரிகை. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், கிள்ளான் ஆற்றை ஒட்டி நின்ற பலகை வீடுகளின் வரிசையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பத்திரிகை வைக்கப் போகும்போது தம்புசாமியைக் கூட அழைத்துப் போவார்கள். பலர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். சொந்தபந்தம் செமினியிலும் பூச்சோங்கிலும் சிதறிக் கிடந்தது. கூட வர ஒரு பெரிய மனிதர் தேவைப்பட்டபோது, வெள்ளைச் சட்டையும் உரத்த குரலும் உள்ள தம்புசாமி அந்த இடத்தை நிரப்பினார். அவருக்கு முறை தெரியும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், சந்தனம். வீட்டுத் தலைவர் இல்லையென்றால் திரும்பி வந்து இன்னொரு நாள் போக வேண்டும். நின்றுகொண்டு இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். எங்கே, எப்போது என்று வாயாலும் சொல்ல வேண்டும். அச்சில் இருக்கிறதே என்று விடக்கூடாது. கேட்டில் சொருகிவிட்டு வந்த பத்திரிகைக்கு யாரும் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள். வராததோடு நிற்காது, அதை வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குக் கருமாதி முடியும்வரை பத்திரிகை கொண்டுபோகக் கூடாது. வரிசையாகப் போகும்போது அந்த வீட்டு வாசலைத் தலையைக் குனிந்தபடி கடந்துவிட வேண்டும். அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள். கொண்டுபோனால்தான் வருத்தப்படுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நகர அலுவலகம் குடியிருப்பாளர்களுக்காக ஒரு செய்தி மடலை அச்சிட ஆரம்பித்தது. நான்கு பக்கம். மலாயில் பெரும்பகுதி, தமிழுக்கும் சீனத்துக்கும் உள்ளே இடம். குப்பை லோரி வரும் நாள், தண்ணீர் நிறுத்தும் நாள், கொசு மருந்து அடிக்கும் நாள், எந்தத் தெரு ஒருவழி ஆகிறது என்பதெல்லாம் அதில் வரும். பலகை வீடுகளுக்குச் சரியான முகவரி கிடையாது, தபால்பெட்டி கிடையாது. அதனால் மடலைக் கட்டுக் கட்டாக அந்தந்த வட்டாரக் குடியிருப்பாளர் சங்கத்திடம் கொடுத்து, நீங்களே விநியோகித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஆற்றோரச் சங்கத்தின் செயலாளர் கார்த்திகேசு. காப்புறுதி நிறுவனத்தில் குமாஸ்தா, முப்பது வயதைத் தாண்டாதவர், எதையும் சீக்கிரம் முடிக்க நினைப்பவர். முதல் கட்டை அவர் ஆ சோங்கின் மளிகைக் கடையில் வைத்தார். எல்லாரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும், வரும்போது எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. வந்தார்கள். எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள், உள்ளே நெத்திலியோடு. ஆ சோங் மடலை இரண்டாகக் கிழித்துக் கருவாடு மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டம் முடிதிருத்தும் கடையின் மாடியில் நடந்தது. தம்புசாமி எழுந்து நின்று தன் பங்கு மடலை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து காட்டினார்.

“செக்ரட்டரி, இந்த மாசம் சிட்டியில என்னா விசேஷம்னு மோந்து பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். கார்த்திகேசுவுக்குக் காது சிவந்துவிட்டது.

“சரிண்ணே, கடை வேணாம். ஒவ்வொரு வீட்டு கேட்டுலயும் சொருகிடலாம். ரெண்டு பேரு சைக்கிள்ல போனா அரை மணி நேரம்லா.”

“கேட்டுல சொருகறதுக்கு அது என்னா, பாக் ஹசான் கடை சேல்ஸ் நோட்டீஸா? மழ பேஞ்சா ஒட்டிக்கும். காத்தடிச்சா ஆத்துக்குப் போயிடும். போட்டது வேற, கொடுத்தது வேற, தம்பி.”

“அப்ப நீங்களே கொடுங்க.”

“கொடுக்கறேன்.”

“ஒவ்வொரு வீட்டுலயும் நின்னு வெத்தல பாக்கு வாங்கிக்கிட்டு நீங்க கொடுத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த மடல் வந்துடும்ணே.”

“வரட்டும்லா. அதையும் கொடுக்கறேன்.”

இப்படித்தான் விநியோகம் அவர் கைக்கு வந்தது. கேலியில் தொடங்கினாலும் அது நடந்தது. வேலை முடிந்து வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, துணிப்பையில் மடல்களோடு கிளம்புவார். வாசலில் நின்று வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டு கையாலும் நீட்டுவார். பத்திரிகைக்குச் சொல்வதுபோல் உள்ளே இருக்கும் முக்கியமான விஷயத்தை ஒரு வரியில் வாயாலும் சொல்வார். எழுதப்படிக்கத் தெரியாத கிழவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆற்றோரம் வேறு வட்டாரங்களைவிட நன்றாகத்தான் இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிற்கும் நாளில் அங்கே மட்டும் முந்திய நாளே வாளிகள் நிரம்பியிருந்தன.

அந்த வரிசையில் மணல் லோரி ஓட்டும் மாணிக்கம் இருந்தார். தம்புசாமிக்கு நெருக்கமானவர். அவருக்கு மடல் கொடுக்கப் போனால் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“என்னாண்ணே, யாரு வீட்டுக் கல்யாணம்?”

“குப்ப லோரிக்கு. இனிமே வியாழக்கெழம முகூர்த்தம். குடும்பத்தோட வந்து நிக்கணும்.”

“மொய் வெக்கணுமா?”

“நீ உன் குப்பைய வெய்யி, போதும்.”

மாணிக்கத்தின் மனைவி தனலெட்சுமி உள்ளேயிருந்து, “ரெண்டு பேருக்கும் வேற வேலயே இல்ல. அண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்பாள். அவர்களுக்கு இந்திரா என்று ஒரே மகள், இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

தம்புசாமியின் முறையில் ஒரு கோளாறு இருந்தது. அப்போது யாருக்கும் அது தெரியவில்லை. கேட்டில் சொருகிக்கொண்டு போகிறவன் எந்த வீட்டையும் பார்ப்பதில்லை. அவனுக்கு எல்லா வீடும் ஒன்றுதான். அதனாலேயே எதையும் விட்டுவிட மாட்டான். கையில் கொடுக்கிறவன் வீட்டைப் பார்க்கிறான், ஆளைப் பார்க்கிறான், நேரம் பார்க்கிறான். பார்க்கிறவன் இது நேரமல்ல என்றும் முடிவு செய்யக்கூடும். மரியாதை என்று நாம் சொல்வதற்குள் இப்படி ஓர் அதிகாரமும் இருக்கிறது.

எண்பத்தாறில் வந்த ஒரு மடலில், தமிழ்ப் பகுதியில், கட்டம் கட்டிய அறிவிப்பு ஒன்று இருந்தது. ஆற்றோரப் பலகை வீடுகளை அகற்றப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்குச் சாலாக் செலாத்தானில் விலைகுறைந்த அடுக்குமாடி வீடுகள். ஒவ்வொரு குடும்பமும் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபத்துக்கு அடையாளக் கார்டோடு வந்து பெயர் பதிய வேண்டும். பதியாதவர்களுக்கு வீடு கிடையாது.

அந்தக் கட்டு சங்கத்துக்கு வந்த வாரத்தில்தான் மாணிக்கம் பூச்சோங்கில் மணல் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லோரிக்குப் பக்கத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. தம்புசாமி லீவு போட்டுவிட்டு மூங்கில் வெட்டுவதிலிருந்து சுடுகாட்டுக்குப் போவதுவரை கூடவே நின்றார். அழவில்லை. அழுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாட்களில் மடலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் அதிக நேரம் நின்றார். “பதியலன்னா வீடு இல்ல. ஐசி கார்ட மறந்துடாதீங்க. புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் போங்க.” மாணிக்கத்தின் வீட்டை நெருங்கியபோது வாசலில் வாடகை நாற்காலிகளும் கழற்றிப் போட்ட செருப்புகளும் கிடந்தன. உள்ளே படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. யாரோ திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார்கள். தம்புசாமி பைக்குள் கையை விட்டார். பிறகு வெளியே எடுத்தார். தலையைக் குனிந்தபடி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு கார்த்திகேசுவிடம் சொன்னார்.

“எல்லாருக்கும் கொடுத்தாச்சு. மாணிக்கம் வீட்டுக்கு மட்டும் கருமாதி முடியட்டும்னு வெச்சிருக்கேன்.”

“பதியற நாளு அதுக்கு முன்னாடி வருதேண்ணே?”

“தெரியும். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இப்பப் போயி வீடு, பதிவுன்னு பேச்செடுக்கறது?”

“அதுவும் சரிதான். எப்பவும் ரெண்டாவது நாள் ஒண்ணு போடுவாங்கல்ல, அதுல பாத்துக்கலாம்லா.”

எப்போதும் போடுவார்கள் என்பது பொய்யல்ல. அடையாளக் கார்டு மாற்றியபோதும், மின்சாரம் இழுத்தபோதும் வராதவர்களுக்காக இன்னொரு நாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அதை நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையே காலியாகிப் பள்ளி மண்டபத்தில் நின்றது. தம்புசாமியும் மனைவி சீதாலெட்சுமியும் பதிந்துவிட்டு வந்தார்கள். தனலெட்சுமியின் வீட்டைக் கடந்துதான் எல்லாரும் போனார்கள், திரும்பி வந்தார்கள். போனவர்களில் பலர் அந்த நாட்களில் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், இந்திராவுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட அடுக்குமாடி வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு கேட்டபோது எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: சாவு வீட்டில் போய் எப்படிப் புது வீட்டுப் பேச்சு பேசுவது?

கல்நெஞ்சக்காரர்கள் நடுவில் தனலெட்சுமி இருந்திருந்தால் யாராவது ஒருவர் கூச்சமில்லாமல் சொல்லியிருப்பார். எல்லாரும் நல்லவர்களாக இருந்ததால்தான் அவளுக்குத் தெரியாமல் போனது.

கருமாதி முடிந்த மறுநாள் தம்புசாமி வெள்ளைச் சட்டையோடு போனார். வாசலில் நின்று, பழக்கத்தில் மாணிக்கத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, “தனம்” என்று கூப்பிட்டார். இரண்டு கையாலும் மடலை நீட்டினார். தனலெட்சுமிக்குப் படிக்க வராது. இந்திரா வாங்கிக் கட்டம் கட்டிய பகுதியைச் சத்தமாகப் படித்தாள். தேதிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“அம்மா, இது முடிஞ்சிபோச்சும்மா. போன ஞாயித்துக்கெழம.”

“இன்னொரு நாள் போடுவாங்க” என்றார் தம்புசாமி. “நான் பாத்துக்கறேன்.”

இன்னொரு நாள் போடவில்லை. வீடுகளைவிடக் குடும்பங்கள் அதிகம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பதிந்தவர்களுக்கே குலுக்கல்தான். தம்புசாமி வேலைக்கு நடுவே ஓடி ஓடி மூன்று கவுண்டர்களில் நின்று பார்த்தார். பலகை வீடுகளை உடைக்கும் தேதி மட்டும் தள்ளிப் போகாமல் அப்படியே இருந்தது.

ஒருநாள் மாலை தனலெட்சுமியே அவர் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணே, நீங்க சோறு தண்ணி இல்லாம அலையறீங்களாம். அண்ணி சொன்னாங்க.”

“அவளுக்கு வேற வேல இல்ல.”

“நீங்க செஞ்சதுல தப்பில்லண்ணே. அன்னிக்கு அந்தப் பேப்பரத் தூக்கிக்கிட்டு நீங்க வந்திருந்தா, அவரு போன சூடு ஆறறதுக்குள்ள வீடு பேச வந்துட்டீங்களான்னு நானே வெரட்டியிருப்பேன்.”

சீதாலெட்சுமி உள்ளேயிருந்து, “வெரட்டியிருந்தாலும் பேப்பரு உன் வீட்டுல கெடந்திருக்கும்ல” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. மனதில் பட்டதை அப்படியே சொல்கிற பெண்மணி. அந்த ஒரு வரியைக் கேட்டுத் தனலெட்சுமி எழுந்து போனதும் தம்புசாமி துணிப்பையை உதறி ஆணியில் மாட்டினார் என்று சீதாலெட்சுமி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அறிவிப்பு உண்மையிலேயே வந்து சேரவில்லை என்று விநியோகித்த சங்கம் நேரில் வந்து ஒப்புக்கொண்டால், மேல்முறையீட்டைக் கேட்பார்கள். கார்த்திகேசு தேதி வாங்கினார். போகும் வழியில் மினி பஸ்ஸில் தம்புசாமியின் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினார். முன் இருக்கையில் தனலெட்சுமியும் இந்திராவும்.

“அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. சாவு வீடு, எங்க வழக்கத்துல அங்க எதுவும் கொண்டுபோக மாட்டோம். அவ்ளோதான் சொல்லணும். சாவு எல்லா இனத்துக்கும் உண்டு. கேக்கற அதிகாரிக்குப் புரியும். உங்க மேலயும் கொற வராது, சங்கத்து மேலயும் வராது.”

“ம்.”

“கேட்டா அக்காவும் ஆமான்னு சொல்லுவாங்க. என்னாக்கா?”

“நான் என்னா பொய்யா சொல்லப்போறேன்? நடந்ததத்தான சொல்றேன்” என்றாள் தனலெட்சுமி திரும்பாமலே.

“கேட்டீங்களாண்ணே? மறந்துடாதீங்க.”

“ஒரு கல்யாணப் பத்திரிகையில இருக்கற அத்தன பேரையும் மனப்பாடமாச் சொல்றவன்டா நானு” என்றார் தம்புசாமி. “பஸ்ஸு நிக்குது, எறங்கு.”

முடிவு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடலாம். தனலெட்சுமிக்கு வீடு கிடைத்தது. சாலாக் செலாத்தானில், இரண்டாவது மாடியில், சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை தெரியும் வீடு. இந்திரா அங்கிருந்துதான் படித்துத் தாதியானாள். மடல் விநியோகம் தம்புசாமியிடமிருந்து எடுக்கப்பட்டது. சங்கத்திடமிருந்தே எடுக்கப்பட்டது என்றும் சொல்லலாம். மோட்டார் சைக்கிளில் கூலிக்கு ஆள் வைத்து ஒவ்வொரு கேட்டிலும் சொருகச் செய்தார்கள். அடுக்குமாடிக்குப் போன பிறகு கீழ்த்தளத்துத் தபால்பெட்டிகளில் போட்டார்கள். எந்தப் பெட்டியும் விடுபடவில்லை. பெட்டிகளின் கீழே தரையில் மடல்கள் மிதிபட்டுக் கிடந்ததையும் பார்க்கலாம்; தண்ணீர் நிற்கும் நாளில் வெறும் வாளியோடு திட்டிக்கொண்டு நிற்பவர்களையும் பார்க்கலாம். இரண்டு முறைகளில் எது சரி என்று கேட்டால், நகரம் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருவர் கேட்டறிய வேண்டியதை இன்னொருவரின் நல்ல மனசை நம்பி விடக்கூடாது. ஆனால் இரண்டாவது முறையில் யாரும் யாருக்கும் எதையும் சொல்வதில்லை என்பதையும் மறைக்க முடியாது.

தம்புசாமி தன் வழக்கத்தை விட்டுவிடவில்லை. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் மனம் திருந்தினார் என்று சிலர் கதை சொல்கிறார்கள். புது இடத்திலும் கல்யாணம் வைத்தவர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். படியேறி, மூச்சு வாங்கி, தாம்பாளத்தோடு நின்றார். சாவு விழுந்த வீட்டுக் கதவை முன்போலவே தலையைக் குனிந்தபடி கடந்தார். இந்திராவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவும் அவர்தான் போனார்.

இனி அந்த அறை. நீண்ட மேசை, காற்றாடி, ஒரு பக்கம் மேல்முறையீட்டைக் கேட்ட அதிகாரி. அவர் மரியாதை தெரிந்த மனிதர். முதலில் தனலெட்சுமியிடம் கணவரின் மறைவுக்கு வருத்தம் சொன்னார். பிறகு தம்புசாமியைப் பார்த்து மலாயில் கேட்டார்.

“அங்கிள்தான் அந்த வரிசைக்கு மடல் கொடுத்தவரா?”

“ஆமாம், என்சிக்.”

“எல்லா வீட்டுக்கும் கொடுத்தீங்களா?”

“இந்த வீட்டுக்குத் தவிர.”

“இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் கொடுக்கல?”

கார்த்திகேசு அவரைப் பார்த்தார். தனலெட்சுமி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், தன் முறை வரும் என்று. தம்புசாமி காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்றார் அதிகாரி. “காரணம் இல்லாம எழுதினா தெரிஞ்சவங்களுக்காகச் சொல்றீங்கன்னு மேல நெனப்பாங்க.”

“கொடுக்க வேண்டியது என் பொறுப்பு, என்சிக். மடல் என் பையில இருந்துச்சு. நான் கொடுக்கல.”

“மறந்துட்டீங்களா?”

கார்த்திகேசு பொறுக்க முடியாமல், “என்சிக், எங்க வழக்கத்துல…” என்று ஆரம்பித்தார். தம்புசாமி அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினார். பார்சல் மூட்டைகளைத் தூக்கிய கை. கார்த்திகேசு நிறுத்திவிட்டார்.

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, “அப்போ ச்சுவாய்னுதான் எழுதணும்” என்றார். கவனக்குறைவு. பொறுப்பில்லாமல் விட்டுவிட்டது. “நீங்க கையெழுத்துப் போடணும். இனிமே இந்த வேல உங்ககிட்ட இருக்காது. சம்மதமா?”

அதிகாரியைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாருக்குமே அந்தச் சொல் பொய் என்று தெரியும். தம்புசாமியிடம் வேறு எந்தக் குறை இருந்தாலும் அந்தக் குறை கிடையாது. காரணத்தை அவர் ஏன் சொல்லவில்லை? மடலை நிறுத்தி வைக்கக் கார்த்திகேசுவும் அன்று சம்மதித்தவர் என்பதால் அவரைக் காப்பாற்ற நினைத்திருக்கலாம். மாணிக்கத்தின் சாவை ஒரு சாக்காக மேசையில் வைக்க மனம் வராமல் இருந்திருக்கலாம். சீதாலெட்சுமியின் அந்த ஒரு வரி உள்ளே கிடந்திருக்கலாம். கார்த்திகேசு திரும்பி வரும் பஸ்ஸிலும், அதன் பிறகு பல வருஷங்கள் வெவ்வேறு சந்தர்ப்பங்களிலும், ஒருமுறை கோபமாகக்கூட, கேட்டுப் பார்த்தார். தனலெட்சுமி ஒரே ஒருமுறை கேட்டாள். இரண்டு பேருக்கும் அவர் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

“ஆமாம், என்சிக்” என்றார் தம்புசாமி. “ச்சுவாய்தான்.” தாளைத் தன் பக்கம் இழுத்து, சட்டைப் பையிலிருந்த சொந்தப் பேனாவை எடுத்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதை இரண்டு கையாலும் எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.